மலையகத்துக் கருங்கல் எதை இழந்தது?

மலையகத்தில் வீதிக்காக வெட்டப்பட்ட மேடுகளிலும், லயங்களுக்குப் பின்னால் எழும் சரிவுகளிலும், கொத்மலை ஓயாவின் படுகையிலும் வெளித்தெரியும் கருங்கல்லில் பெரும்பகுதி ஒரு காலத்தில் 25 முதல் 35 கிலோமீற்றர் ஆழத்தில், 800 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் இருந்தது. அதற்கு மேலே இருந்த பாறை முழுவதும் அரிக்கப்பட்டுக் கடலுக்குப் போய்விட்டது. இன்றும் நம் காலடியில் மேலோடு 30 முதல் 40 கிலோமீற்றர் தடிப்பாக இருக்கிறது என்று நிலநடுக்க அலைகளைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், இந்தப் பாறைகள் வெந்துகொண்டிருந்த நாளில் இங்கிருந்த மேலோட்டின் தடிப்பு இன்றைய திபெத்தின் கீழ் இருப்பதோடு ஒப்பிடத்தக்கதாக இருந்திருக்கலாம்.

ஒரு பாறை எதனால் ஆனது என்று கேட்பதுதான் வழக்கம். அந்தக் கேள்விக்குப் பதில் எளிது. சிலிக்கா இவ்வளவு, அலுமினா இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்று ஆய்வுகூடம் ஓர் அட்டவணையைத் தந்துவிடும். இவ்வளவு ஆழத்திலிருந்து வந்த பாறைக்கு அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: அதில் இருந்திருக்க வேண்டிய எது இப்போது இல்லை, இல்லாமற்போனது எப்படி வெளியேறியது, அதனோடு சேர்ந்து போயிருக்க வேண்டிய எது போகாமல் தங்கிவிட்டது? மலையகப் பாறைகளின் புவி இரசாயனத்தைப் பற்றி எழுத நினைத்தபோது இந்தக் கேள்வியைச் சுற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியன் காலத்துக்கு (ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு) முற்பட்ட உருமாறிய பாறைகளால் ஆனது. 1991ஆம் ஆண்டு குரோனர், குரே, விதானகே ஆகிய மூவரும் வெளியிட்ட பகுப்பின்படி அவை நான்கு தொகுதிகள்: நடுவில் உயர்நிலத் தொகுதி, மேற்கிலும் வடமேற்கிலும் வன்னித் தொகுதி, கிழக்கிலும் தென்கிழக்கிலும் விஜயன் தொகுதி, கண்டியைச் சுற்றிச் சிறிய அளவில் கடுகண்ணாவைத் தொகுதி. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, ஹப்புத்தளை எல்லாம் உயர்நிலத் தொகுதிக்குள் அடங்குகின்றன. நான்கில் மிகக் கடுமையாக வெந்தது அதுதான். அத்தகைய வெப்பத்தையும் அமுக்கத்தையும் தாண்டி வந்த பாறைகளையே கிரானுலைட் நிலைப் பாறைகள் என்கிறோம்.

உயர்நிலத் தொகுதியில் இரண்டு வகைப் பாறைகள் மாறிமாறி வருகின்றன. ஒன்று, பழைய கடலடிப் படிவுகளிலிருந்து வந்தது. களிமண் படிவுகள் கார்னெட், சிலிமனைட் என்ற கனியங்களும் காரீயமும் (கிராபைட்) கொண்ட கொண்டலைட்டாகவும், மணற்படிவுகள் குவார்ட்சைட்டாகவும், சுண்ணப் படிவுகள் பளிங்குப் பாறையாகவும் மாறின. மற்றது, அந்தப் படிவுகளுக்குள் ஊடுருவிய பாறைக்குழம்பு இறுகி, பின்னர் படிவுகளோடு சேர்ந்து உருமாறியது. இந்த இரண்டாவது வகையில் பெரும்பங்கு சார்னொக்கைட். தோட்டங்களில் படிக்கட்டுக்கும் அத்திவாரத்துக்கும் உடைக்கப்படும் கருங்கல்லில் கணிசமான பகுதி இதுவே.

இந்தப் பாறையின் மாதிரிக்கல் சென்னைக்கு அருகே பரங்கிமலை, பல்லாவரம் பகுதியைச் சேர்ந்தது. அங்கிருந்து கொல்கத்தாவுக்குப் போன ஒரு கல்தான் யோப் சார்னொக் என்ற கம்பனி அதிகாரியின் கல்லறையில் பதிக்கப்பட்டது. தோமஸ் ஹொலண்ட் 1893இல் அந்தக் கல்லறையை வைத்தே பாறைக்குப் பெயரிட்டார். தமிழ்நாட்டின் அந்தப் பாறைக்கும் நமது பாறைக்கும் உறவு வெறும் ஒற்றுமையோடு நின்றுவிடுவதில்லை. கோண்ட்வானாக் கண்டம் ஒட்டியிருந்த காலத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரும் கிழக்கு அண்டார்டிக்காவும் அருகருகே இருந்தன. நமது பாறைகளைக் கடைசியாக வேகவைத்ததும் அந்தக் கண்டம் கூடிச் சேர்ந்த நிகழ்வுதான்.

சார்னொக்கைட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அதன் நிறம். என் மாமா ஒருவர் நெடுங்காலம் கல்குவாரியில் வேலை செய்தவர். பாறையின் வெளிமுகத்தைப் பார்த்து நான் ஏதோ சொல்ல முனைந்தபோது, "வெளியில பார்த்துட்டு கல்லுக்குப் பேர் சொல்லக்கூடாது மருமகனே, உடைச்சுப் பாரு" என்றார். அவர் சொன்னது புவிச்சரிதவியலுக்கும் பொருந்தும். வெளிமுகம் மழையில் நனைந்து துருவேறிய பழுப்பாக இருக்கும். சுத்தியலால் தட்டி எடுத்த புதுமுகமோ கரும்பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். வழக்கமாக வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் பெல்ஸ்பார் கூட இதில் பச்சை படிந்து, தேன் நிற ஓரங்களோடு தெரியும். வில்லை ஒன்றை வைத்துப் பார்த்தால் பெல்ஸ்பாருக்கும் குவார்ட்சுக்கும் இடையில் செம்பழுப்புச் சாயலுள்ள குட்டையான தூண்கள் தெரியும். அவை ஓர்தோபைரொக்சீன். கிரானைட் போன்ற ஒரு பாறையில் அந்தக் கனியம் இருக்கிறது என்பதுதான் இங்கே செய்தி, ஏனென்றால் சாதாரண கிரானைட்டில் அந்த இடத்தில் பயோட்டைட் என்ற கரிய மைக்கா இருந்திருக்கும்.

பயோட்டைட்டின் படிகக் கட்டமைப்பில் நீர், ஐதரொட்சில் வடிவில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஓர்தோபைரொக்சீனில் நீருக்கு இடமே இல்லை. வெப்பநிலை ஏறத்தாழ 800 பாகையைத் தாண்டும்போது பயோட்டைட்டும் குவார்ட்சும் ஒன்றோடொன்று தாக்கமுற்று, ஓர்தோபைரொக்சீனும் பொற்றாசியம் நிறைந்த பெல்ஸ்பாரும் உண்டாகின்றன. விடுபடும் நீர் தனியே நிற்பதில்லை. அது பாறையின் ஒரு பகுதியை உருகச் செய்து, அந்த உருகலுக்குள் கரைந்துவிடுகிறது. உருகல் இலேசானது, பாயக்கூடியது, ஆகவே பாறையைப் பிழியும் அமுக்கத்தில் மெல்ல மெல்ல மேல்நோக்கி நகர்ந்து போய்விடும். அது போகும்போது நீரை மட்டும் கொண்டுபோவதில்லை. பெரிய அயன்களைக் கொண்ட மூலகங்கள் கனியங்களின் படிகக் கூட்டுக்குள் எளிதில் அடங்காதவை. ருபீடியம், சீசியம், யுரேனியம் போன்றவை உருகலோடு சேர்ந்து வெளியேற விரும்புபவை. தேயிலைச் சாயம் இறங்கிய பிறகு வடியில் தங்கும் சக்கையைப் பார்த்து எவ்வளவு சாயம் போயிருக்கும் என்று ஊகிப்பது போன்றதுதான், கிரானுலைட்டை ஆராயும் புவி இரசாயனவியலாளரின் வேலை.

அந்த ஊகத்துக்கு அதிகம் பயன்படும் அளவுகோல் பொற்றாசியத்துக்கும் ருபீடியத்துக்கும் இடையிலான விகிதம். இரண்டும் ஒரே குடும்பத்து மூலகங்கள். பொற்றாசியம் போகும் இடமெல்லாம் ருபீடியமும் சிறிதளவு கூடவே போகும். மேலோட்டின் சாதாரண பாறைகளில் பொற்றாசியத்தின் நிறை ருபீடியத்தைப் போல 250 மடங்கு, 300 மடங்கு என்ற அளவில் இருக்கும். பயோட்டைட் உடையும்போது பொற்றாசியத்துக்குப் புதிய பெல்ஸ்பாரில் இடம் கிடைத்துவிடுகிறது. சற்றுப் பெரிய அயனான ருபீடியத்தில் ஒரு பகுதி அங்கே தங்கினாலும் மிகுதி வெளியேறுகிறது. ஆகவே எஞ்சிய பாறையில் விகிதம் ஏறும். ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள லூயிசியன் கிரானுலைட்டுகளில் அது 1000த்தையும் கடந்து போகிறது. இத்தகைய அளவீடுகள் வெளிவந்த பிறகு, கிரானுலைட் என்றாலே வறுமைப்பட்ட பாறை என்ற எண்ணம் பாடநூல்களில் ஊன்றிவிட்டது.

கண்ட மேலோட்டின் பொது இரசாயனத்தைப் பார்த்தாலும் அந்த எண்ணத்துக்கு ஆதரவு கிடைக்கிறது. ரட்னிக், காவோ ஆகியோர் 2003இல் தொகுத்த மதிப்பீடுகளில், மேல் மேலோட்டில் சிலிக்கா 66.6 வீதம், கீழ் மேலோட்டில் 53.4 வீதம். ருபீடியம் மேலே பத்து இலட்சத்தில் 84 பங்கு, கீழே 11 பங்கு. யுரேனியம் மேலே 2.7 பங்கு, கீழே வெறும் 0.2. தோரியம் மேலே 10.5, கீழே 1.2. கண்டத்துக்குள் வெப்பத்தை உண்டாக்கும் கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்கள் காலப்போக்கில் மேலே ஏறிவிட்டன என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அவை கீழேயே தங்கியிருந்தால் கண்டத்தின் அடிப்பகுதி சூடேறி இளகிக்கொண்டே இருந்திருக்கும். மேலே வந்ததால் அந்த வெப்பம் நிலத்தின் வழியாக எளிதில் வெளியேறுகிறது. கீழ்ப்பகுதி குளிர்ந்து, விறைத்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்து நிற்கிறது.

ஆனால் இந்தச் சித்திரத்தை அப்படியே எடுத்து மலையகத்தின் மீது போர்த்தக்கூடாது என்பது என் கருத்து. கீழ் மேலோட்டின் சராசரியில் பெரும்பங்கு எரிமலைக் குழாய்கள் வழியே துண்டுகளாக மேலே வந்த, இரும்பும் மகனீசியமும் மிகுந்த பாறைகளுடையது. நமது கொண்டலைட்டுகளோ களிமண்ணாகப் பிறந்தவை. அலுமினியமும் பொற்றாசியமும் தோரியமும் தொடக்கத்திலேயே மிகுந்திருந்தவை. உலகின் பல கிரானுலைட் நிலங்களில் லூயிசியனில் கண்ட அளவுக்கு வறுமை இல்லை. எவ்வளவு போயிற்று என்பதைத் தீர்மானிப்பது எவ்வளவு வெந்தது என்பது மட்டுமல்ல. முதலில் என்ன பாறையாக இருந்தது, எந்தக் கனியங்கள் உருகலுக்கு ஈடுகொடுத்து நின்றன, உருகல் வெளியேற வழி கிடைத்ததா அல்லது அங்கேயே இறுகிவிட்டதா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மலையகத்தின் நைஸ் என்ற பட்டை படிந்த உருமாறிய பாறைகளில் கரும்பட்டைகளுக்கு நடுவே வெண்ணிறப் பட்டைகளும் மடிந்த கோடுகளும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, வெளியேறாமல் அங்கேயே தங்கி இறுகிப்போன உருகல்.

தோரியம் இந்த விடயத்தில் பிடிவாதக்காரன். யுரேனியமும் தோரியமும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இருந்தாலும் ஒட்சியேற்றம் அடைந்த யுரேனியம் பாய்மங்களில் கரைந்து ஓடக்கூடியது, தோரியம் அப்படியல்ல. அது மொனசைட் போன்ற சிறிய, கடினமான கனிய மணிகளுக்குள் அடைபட்டு, வெப்பத்தையும் உருகலையும் பெரும்பாலும் தாங்கி நின்றுவிடுகிறது. ஆகவே பல கிரானுலைட்டுகளில் தோரியத்துக்கும் யுரேனியத்துக்கும் இடையிலான விகிதம் மேலோட்டின் வழக்கமான 4 என்ற அளவைத் தாண்டி ஏறுகிறது. பாறையின் மொத்தப் பகுப்பாய்வில் ஒரு நுண்ணிய மணி எவ்வளவு ஆதிக்கம் செலுத்தக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தோரியத்தைப் பேசும்போது ஆனந்த குமாரசுவாமியை விட்டுவிட முடியாது. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அவர் 1877இல் கொழும்பில், சேர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்தவர். கலைக்குள் இறங்குமுன் இலங்கையின் கனிய அளவைக்குப் பொறுப்பாக இருந்த புவிச்சரிதவியலாளர். 1902இல் இலங்கையின் பளிங்குப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். பலாங்கொடைப் பகுதியில், மாணிக்கம் அரிப்பவர்கள் இல்லம் என்று சொல்லும் சரளைப் படையில் கிடைத்த கருநிறச் சதுரமுகிப் படிகங்களை 1904இல் வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. முதலில் யுரேனியக் கனியம் என்று எண்ணப்பட்ட அது, பகுப்பாய்வில் பெரும்பாலும் தோரியம் ஒட்சைட்டு என்று தெரியவந்து, தோரியனைட் ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் ரொபர்ட் ஸ்ட்ரட், தோரியனைட்டுக்குள் ஈலியம் வாயு சேரும் வேகத்தை அளந்து, அந்தக் கனியத்தின் குறைந்தபட்ச வயதைக் கணிக்க முயன்றார். கதிர்த்தொழிற்பாட்டைக் கொண்டு கற்களுக்கு வயது சொல்லும் முயற்சியின் தொடக்கத்திலேயே சபரகமுவைச் சரளைக்கு ஓர் இடம் இருக்கிறது. மலையகத் தமிழ்ப் பள்ளிகளில் குமாரசுவாமியை நடராஜர் நடனத்தோடு மட்டும் அறிமுகப்படுத்துவது எனக்குச் சற்று வருத்தம்தான்.

இழப்பு எப்படி நடந்தது என்பதில் ஒரு நீண்ட விவாதம் உண்டு. நீர் உருகலோடு போயிற்று என்று மேலே எழுதினேன். அது ஒரு தரப்பு. 1971இல் ஜக் துரே என்பவர் நோர்வேயின் கிரானுலைட்டுகளில் குவார்ட்ஸ் மணிகளுக்குள் சிறைப்பட்டிருந்த நுண்துளிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் நீருக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டு நிறைந்திருப்பதைக் கண்டார். 1980இல் நியூட்டன், ஸ்மித், வின்ட்லி ஆகியோர் அதை விரித்து, மேலோட்டுக்குக் கீழேயுள்ள மூடகத்திலிருந்து எழுந்த காபனீரொட்சைட்டு கீழ் மேலோட்டை நனைத்து, அங்கிருந்த நீரைத் துரத்தியதால்தான் கிரானுலைட்டுகள் உருவாயின என்று வாதிட்டார்கள்.

அந்த வாதத்துக்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்ட இடங்களில் ஒன்று நமது மலைகளுக்கு வடமேற்கே, குருநாகல் பகுதியில் உள்ளது. அங்கே கல் உடைக்கப்பட்ட முகங்களில் சாம்பல் நிற நைஸுக்குள் கரும்பச்சைத் திட்டுகள் தெரிகின்றன. பாறையின் பழைய பட்டைகள் திட்டின் ஓரத்தில் மங்கி, உள்ளே கரடுமுரடான பெரிய மணிகளாக மாறி மறைந்துவிடுகின்றன. அந்தத் திட்டுகள் சார்னொக்கைட். ஒரு சாண் தள்ளி மைக்காவும் ஹோர்ன்பிளெண்ட் என்ற நீருள்ள கனியமும் அப்படியே இருக்க, இங்கே மட்டும் ஓர்தோபைரொக்சீன் பிறந்திருக்கிறது. மாற்றம் தொடங்கி நடுவழியில் நின்றுபோன நிலை இது. ஒரே பாறையின் இரு நிலைகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால், எது போயிற்று எது தங்கிற்று என்று அளப்பதற்கு இதைவிட வசதியான இடம் அரிது. தென்னிந்தியாவின் இத்தகைய இடங்களோடு சேர்த்து இது 1987இல் விரிவாக ஆராயப்பட்டது.

இதைப் படித்த காலத்தில் காபனீரொட்சைட்டுக் கருத்து என்னை மிகவும் கவர்ந்தது. எளிமையாக, ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் விளக்குகிறது. பாறைகளின் அளவைப் பார்க்கும்போதுதான் ஐயம் எழுகிறது. ஒரு குவாரி முகத்தில் பிளவுகள் வழியே வாயு புகுந்து திட்டுகளை உண்டாக்கலாம். ஹட்டனிலிருந்து பதுளை வரையான ஒரு நிலப்பரப்பை, பல கிலோமீற்றர் தடிப்புக்கு, இண்டு இடுக்கு விடாமல் நனைக்க எவ்வளவு காபனீரொட்சைட்டு வேண்டும்? அவ்வளவு வாயு வந்ததற்கான தடம் எல்லா இடத்திலும் இல்லை. உருகலோ தான் வந்ததற்கான தடத்தை ஒவ்வொரு பாறையிலும் வெண்பட்டையாக விட்டுச் சென்றிருக்கிறது. ஆகவே பெரும்பரப்பில் நீரைக் கொண்டுபோனது உருகல், குறிப்பிட்ட இடங்களில் பிற்காலத்தில் புகுந்து வேலை செய்தது காபனீரொட்சைட்டு என்று பிரித்துக்கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் நரம்பு நரம்பாக ஓடும் உயர்தரக் காரீயம், காபன் கலந்த பாய்மங்கள் இந்த மேலோட்டின் பிளவுகளில் நடமாடின என்பதற்குச் சான்று; அவை பிளவுகளில் நடமாடின என்பதுதான் கவனிக்க வேண்டியது.

உருகல் பிழிந்து எடுக்கப்பட்டதன் உச்சக்கட்டத்தை மத்திய உயர்நிலத் தொகுதியில் சிறு துண்டுகளாகக் கிடைக்கும், சபிரின் என்ற கனியம் கொண்ட கிரானுலைட்டுகளில் காணலாம். அவை மகனீசியமும் அலுமினியமும் செறிந்தவை, சிலிக்கா குறைந்தவை. 2004இல் சஜீவ், ஒசனை ஆகிய இருவரும் இத்தகைய பாறைகளின் கனியங்களைக் கொண்டு கணித்த உச்ச நிலை 1150 பாகை செல்சியஸ் வெப்பம், 12 கிலோபார் அமுக்கம். மேலோட்டுப் பாறை ஒன்றுக்கு இது மிக அதிகமான வெப்பம். இதே வெப்பநிலையில் எரிமலைகளிலிருந்து பசோல்ட்டுக் குழம்பு வழிகிறது. அப்படியிருந்தும் இந்தப் பாறை முற்றாக உருகி ஓடாமல் நின்றதற்குக் காரணம், உருகக்கூடியது ஏற்கெனவே அதிலிருந்து போய்விட்டதுதான். நீர் இல்லாத, சிலிக்கா வற்றிய எச்சத்தை உருக்குவது மிகக் கடினம்.

இரத்தினபுரிக்குப் பெயர் தந்த கற்களின் இரசாயனமும் இதையொட்டியதே. நீலக்கல் என்பது அலுமினியம் ஒட்சைட்டு. பக்கத்தில் வேறெதோடும் சேராத சிலிக்கா இருந்தால் இந்த வெப்பத்தில் அது சிலிமனைட்டாக மாறிவிடும். சிலிக்கா பற்றாக்குறையான ஒரு மூலையில் மட்டுமே அலுமினியம் தனித்து நீலக்கல்லாகப் படிகமாக முடியும். நீலநிறம் சிறிதளவு இரும்பும் தைட்டேனியமும் சேர்ந்து தருவது.

காலத்தைச் சொல்லும் கனியம் சேர்க்கன். யுரேனியத்தை உள்ளே ஏற்று ஈயத்தை ஒதுக்கிப் பிறக்கும் இது, பிற்பாடு அந்த யுரேனியம் சிதைந்து உண்டாகும் ஈயத்தை மிகக் கடும் வெப்பத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை. மலையகக் குவார்ட்சைட்டுகளிலிருந்து எடுத்த சேர்க்கன் மணிகளின் நடுப்பகுதி 2400 முதல் 3200 மில்லியன் ஆண்டு வயது காட்டுகிறது. அவை எங்கோ இருந்த பழைய கண்டமொன்றிலிருந்து ஆறுகள் அடித்துவந்த மணல். வெளி ஓரமோ 550 முதல் 610 மில்லியன் ஆண்டு என்று சொல்கிறது. மயிரிழை அகலத்துக்குள் இரண்டாயிரம் மில்லியன் ஆண்டு இடைவெளி! நியோடிமியம் என்ற மூலகத்தின் சமதானிகளும் (நிறை வேறுபட்ட அணு வகைகள்) இந்தப் பழைமையை உறுதிப்படுத்துகின்றன. 1988இல் வெளியான அளவீடுகளின்படி, உயர்நிலத் தொகுதியின் பாறைப்பொருள் மூடகத்திலிருந்து பிரிந்தது 2000 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், சில இடங்களில் 3000 வரை. கிழக்கிலும் மேற்கிலும் உள்ள தொகுதிகளின் பொருள் 1000 முதல் 2000 மில்லியன் ஆண்டுகளுக்கு உட்பட்டது. மூன்று நிலங்கள் வேறு வேறாகப் பிறந்து, கோண்ட்வானா கூடியபோது ஒன்றாக நெருக்கப்பட்டன என்ற முடிவு பெரும்பாலும் இந்தச் சமதானிகளிலிருந்தே வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். இலங்கைச் சரளைகளில் கிடைக்கும் பெரிய, தெளிவான சேர்க்கன் கற்கள் உலகின் ஆய்வுகூடங்களில் அளவைக்கல்லாகப் பயன்பட்டு வருகின்றன. அவுஸ்திரேலியாவின் கன்பெராவில் கனிய மணிகளின் வயதை அளக்கும் அயன் நுண்கதிர்க் கருவி நிறுவப்பட்ட தொடக்க காலத்தில் பயன்படுத்தப்பட்ட ஒரு கல்லின் வயது 572 மில்லியன் ஆண்டு. அந்த ஆய்வாளர்கள் உலகின் எந்த மூலைப் பாறைக்கு வயது சொன்னாலும், கருவியைச் சரிபார்க்க நமது நாட்டுக் கல்லைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

நீரை இழந்த கதை இன்றைய நிலத்திலும் தொடர்கிறது. மழை மிகுந்த, வெப்பமான, செங்குத்தான இந்த மலைகளில் பாறை மிக வேகமாகச் சிதைய வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பெரிலியம்-10 சமதானியைக் கொண்டு அளந்தபோது, இயற்கையான சிதைவும் அரிப்பும் வியப்பூட்டும் அளவுக்கு மெதுவானவை என்று தெரியவந்தது. ஹக்கலைச் சரிவுகளில் சார்னொக்கைட் சிதையும் விதத்தை ஆராய்ந்தவர்கள் காரணமாகச் சுட்டியது பாறையின் இறுக்கத்தை. ஆழத்தில் முழுமையாக மறுபடிகமாகிய மணிகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதால் நுண்துளைகள் மிகக் குறைவு. நீர் உள்ளே போக வழியில்லை. அது வெளி ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாகத்தான் உள்ளே போகிறது. வீதி வெட்டிய மேடுகளில் செம்மண்ணுக்கு நடுவே உருண்டைக் கற்கள் ஒட்டியிருப்பதையும், அவற்றைச் சுற்றி அடுக்கடுக்காக ஓடுகள் உரிவதையும் காணலாம். உருண்டையின் நடுவை உடைத்தால் அதே கரும்பச்சை. ஓட்டுக்கும் நடுவுக்கும் இடையில் சில சென்ரிமீற்றர்தான். அந்தத் தூரத்துக்குள் பைரொக்சீனின் இரும்பு துருவாகி, பெல்ஸ்பாரின் கல்சியமும் சோடியமும் கழுவப்பட்டு, களிமண் எஞ்சிவிடுகிறது. மனிதக் கை பட்ட பிறகு நிலைமை வேறு. மேல் மகாவலி நீரேந்து பகுதியில், காடு அழிக்கப்பட்ட சரிவுகளிலிருந்து மண் போகும் வேகம் இயற்கை வேகத்தைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம் என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பாறை மெதுவாகத் தரும் மண்ணை நாம் வேகமாகச் செலவழிக்கிறோம்.

இப்படிக் கழுவப்பட்ட மண்ணில் கல்சியமும் மகனீசியமும் குறைவு, அமிலத்தன்மை அதிகம். தேயிலைக்கு அமில மண் பிடிக்கும் என்றாலும் ஓர் எல்லைக்கு மேல் அது தாங்காது. உரம் தொடர்ந்து இடப்படும் மலைகளில் அந்த எல்லை எளிதில் கடக்கப்படும். அதனால்தான் கவ்வாத்து வெட்டும்போது கல்சியமும் மகனீசியமும் கொண்ட டொலமைட் மாவைத் தூவும் வழக்கம் இருக்கிறது. அந்த மாவு மாத்தளை, திகன பகுதிகளின் பளிங்குப் பாறையை உடைத்து அரைத்தது. அதுவும் உயர்நிலத் தொகுதியின் பாறை, இதே வெப்பத்தில் வெந்தது. சார்னொக்கைட்டிலிருந்து மழை கழுவிக்கொண்டுபோன கல்சியத்தையும் மகனீசியத்தையும் பக்கத்து மலையின் பழைய கடற்படிவிலிருந்து எடுத்து நிரப்புகிறோம். மாவு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பது நல்லது: அந்தப் பளிங்கில் போஸ்ரரைட், டயொப்சைட், ஸ்பினல், புளொகொபைட் போன்ற கனியங்கள் பச்சையும் பழுப்புமான புள்ளிகளாகக் கலந்திருப்பதுண்டு. கடற்படிவிலிருந்த சிலிக்காவும் களியும் டொலமைட்டோடு தாக்கமுற்று, காபனீரொட்சைட்டை வெளியேற்றி உண்டாக்கியவை அவை. அமிலத்தில் டொலமைட் கரையும் வேகத்தில் இவை கரைவதில்லை. புள்ளிகள் மிகுந்த கல்லை அரைத்த மாவில், அதே எடைக்கு, மண்ணின் அமிலத்தன்மையைத் தணிக்கும் வலு குறைவாகவே இருக்கும்.